கிட்டங்கி வேலையை விட்டு சொந்த வண்டிக்கு வருகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் ஒரு மொத்த வியாபாரக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், வேலை பார்த்தவன் நான். இப்போது சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறேன். கூட வேலை பார்த்த தம்பிமார், "அண்ணே, நானும் வண்டி எடுக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். எடுங்கள். ஆனால் முதலில் லோடைப் பிடியுங்கள், அப்புறம் வண்டி.

எந்தக் கடைக்கு எந்தக் கிழமை சரக்கு போகும், எங்கே பத்து மணிக்குள் இறக்க வேண்டும், யார் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் கிட்டங்கியில் இருக்கிற உங்களுக்கு அத்துப்படி. வெளியிலிருந்து வருகிற டிரைவருக்கு இது கிடைக்காது. வாரம் தவறாமல் லோடு தர இரண்டு பேராவது நாளும் வாடகையும் பேசி உறுதி சொன்ன பிறகு ஷோரூம் பக்கம் போங்கள். முதலாளியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு விலகுங்கள். முதல் லோடே அவரிடமிருந்து வரலாம்.

சர்வீஸ் 5 வருடம் நிறைய கொஞ்ச மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருங்கள், கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை கிடைக்கும். பிஎஃப் பணத்தையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். 5 வருடத்துக்குள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரி பிடிக்க வாய்ப்பு உண்டு. இஎஸ்ஐ பாதுகாப்பு வேலையோடு போய்விடும் என்பதால், வண்டி இன்சூரன்ஸில் ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்றி இறக்க ஆள் கூட வந்தால் அவருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுங்கள்.

கார் ஓட்டுகிற லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு லைசென்ஸில் தனி பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டும் அனுமதி) தேவையில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்குப் பெர்மிட்டும் வேண்டாம். ஆனால் மஞ்சள் போர்டு, அதாவது வாடகை வண்டிக்கான மஞ்சள் நம்பர் பிளேட், கட்டாயம். வெள்ளைப் போர்டு வண்டியில் வாடகைக்கு லோடு ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. பழைய வண்டி பார்க்கிறவர்கள் வயதைப் பாருங்கள்: 8 வருடம் வரை எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம்.

வாடகை பேசும்போது திரும்பி வருகிற தூரத்தையும் கணக்கில் சேருங்கள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போய்வர சுமார் 60 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் 4 லிட்டர் டீசல். அதன் மேல் டயர், ஆயில், இன்சூரன்ஸ், மாதத் தவணை எல்லாம் இருக்கிறது. இதைப் பார்க்காமல் பக்கத்து வண்டிக்காரரை விட நூறு ரூபாய் குறைத்துக் கேட்டால் இரண்டு பேருக்கும் பிழைப்பு போகும்.

லோடு அடுக்குவதில்தான் கிட்டங்கிக்காரன் கை தெரியும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று இறக்கப் போனால் களியக்காவிளை சரக்கு முதலில் உள்ளே போக வேண்டும். ஆனால் அது பிஸ்கட் பெட்டியாகவும் தக்கலைக்கு எண்ணெய் டின்னாகவும் இருந்தால்? டின்னைப் பெட்டி மேல் ஏற்றாதீர்கள். டின்களைக் கேபினை ஒட்டி அடித்தட்டில் வைத்து, ஒரு ஓரமாக ஆள் நுழைகிற அளவுக்கு வழி விடுங்கள். கொஞ்சம் இடம் வீணாகும், பரவாயில்லை. கனமெல்லாம் பின்னால் போனால் முன்சக்கரத்தில் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். மழைச் சாலையில் அது ஆபத்து, நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகிறவர்கள் தார்ப்பாயை முன்பக்கத்திலிருந்து கட்டத் தொடங்குங்கள். முன் ஓரத்தைச் சரக்குக்கு அடியில் மடித்துச் செருகி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். காற்றாலை நிற்கிற இடத்தில் அந்த ஓரம் கொஞ்சம் தூக்கினால் போதும், தார்ப்பாய் முழுவதையும் காற்று பிடுங்கிவிடும். கணவாய்க்குள் நுழையும் முன் வண்டியை ஓரங்கட்டி முடிச்சுகளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கடைசியாக, தம்பிமார் காதில் விழ வேண்டிய ஒன்று. புதிதாக வண்டி எடுத்து லோடுக்காகக் காத்திருக்கிறவனைத் தேடி ராத்திரியில் ஆள் வரும். இரட்டிப்பு வாடகை, கேரளாவுக்கு ஒரு டிரிப், பில் கேட்காதே என்பார்கள். உள்ளே ரேஷன் அரிசி இருக்கும். திரும்பும்போது கோழிக்கழிவோ ஆஸ்பத்திரிக் கழிவோ ஏற்றிவிடப் பார்ப்பார்கள். பிடிபட்டால் வண்டி பறிமுதல், வழக்கு உங்கள் பெயரில், தவணையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். பில்லைக் கையில் வாங்கி, பெட்டிக் கணக்கைச் சரிபார்த்து, கேரளாவுக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில்லில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற ஜிஎஸ்டி சீட்டு) உங்கள் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.