அல்ட்ராசவுண்ட் சிகிச்சை: சூடு தாங்கினால் சீக்கிரம் குணமாகுமா?

பிசியோதெரபியில் முதன்முறை அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் அல்ல, வலிக்கு ஒலி அலை செலுத்தும் சிகிச்சை) வைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஒன்றுமே தெரியவில்லையே, மெஷின் ஓடியதா?" ஓடியிருக்கும். பொதுவாக 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் வரும் இந்த ஒலி காதில் விழாது. சுருக்சுருக்கென்று இழுப்பது கரண்ட் வைக்கும் சிகிச்சை, அது வேறு. இதில் ஜெல்லின் குளிர்ச்சியும், மிஞ்சிப்போனால் இதமான வெதுவெதுப்பும்தான். புதிதாகப் பட்ட அடிக்கு விட்டுவிட்டு அலையைச் செலுத்துவார்கள். சூடு ஏறக்கூடாது என்றுதான் அப்படிச் செய்வதே.

இது தெரியாமல் "இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்க" என்று கேட்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. எலும்பு இந்த அலையை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். அதன் மேலுறை சூடேறினால் ஆழத்தில் கடுகடுவென்று ஒரு வலி கிளம்பும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். அந்த நொடியே சொல்லுங்கள். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு இந்த எச்சரிக்கை வலியே தெரியாமல் போகலாம். அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

சொல்லாமல் விடுவது இன்னும் சில உண்டு. தோள்வலிக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனால் கர்ப்பம், பேஸ்மேக்கர், புற்றுநோய், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, சிமென்ட் வைத்துப் பொருத்திய செயற்கை மூட்டு ஆகியவற்றைப் பொறுத்துத்தான் எங்கே வைக்கலாம், வைக்கலாமா என்பதே முடிவாகும்.

ஜெல்லை அலட்சியமாக நினைக்க வேண்டாம். நடுவில் காற்று புகுந்தால் அலை கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும், உள்ளே போகாது. ஜெல் காய்ந்துவிட்டாலோ, கருவியின் முனை ஒரே இடத்தில் நின்றாலோ தயங்காமல் சொல்லலாம். முனை எப்போதும் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதே போல, "அப்படியே முதுகு முழுக்க ஒரு தடவை ஓட்டிவிடுங்க" என்று கேட்பதிலும் பயனில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் அந்த முனையைப் போல் இரண்டு மடங்கு பரப்புக்குத்தான் சரியான அளவு போய்ச் சேரும். அதற்கு மேல் பரப்பினால் ஜெல் மசாஜ்தான்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், மெஷின் வேலையை முடித்துவிடும் என்று வீட்டில் உடற்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் அதிகம் பேர் இழப்பது இங்கேதான். அல்ட்ராசவுண்டுக்கான ஆதாரம் பல வலிகளில் பலவீனமானது. கீழ்முதுகு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2016 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. தோள் தசைநாணில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்குக் கொஞ்ச காலத்துக்காவது பலன் கிடைத்ததாக ஆய்வு உண்டு. ஆக, எந்தப் பிரச்சினைக்கு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நானாக இருந்தால் முதல் நாளே கேட்பது: "இதோடு நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?"

சில தடவை வைத்தும் வலியிலோ அசைவிலோ மாற்றமே இல்லையென்றால், அதையே நீட்டிக்கொண்டு போகாமல் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். வலியின் காரணமே வேறாக இருக்கலாம்.