ஸ்டீல், றொப், பேர்க்லரி: எதை எங்க போடுறது

களவு போனதைப் பற்றி பொலிஸ்ல இங்கிலிஷ்ல என்ட்ரி போடவோ இன்சூரன்சுக்கு லெட்டர் எழுதவோ போறீங்கண்டா முதல்ல ஒண்டை மட்டும் பாருங்க, எது போச்சு எண்டு சொல்லப் போறீங்களா, இல்லாட்டி யார் பறிகொடுத்தது எண்டா. ஸ்டீல் (steal) எண்டா களவு போன பொருளுக்கு வாற சொல்லு. றொப் (rob) எண்டா பறிகொடுத்த ஆளுக்கு, இல்லாட்டி பேங்குக்கு, கடைக்கு வாற சொல்லு. அதால 'மை போன் வோஸ் றொப்ட்' எண்டு எழுதாதீங்க, 'மை போன் வோஸ் ஸ்டோலன்', 'ஐ வோஸ் றொப்ட்' இது ரெண்டும்தான் சரி.

இதுல முக்கியமானது என்னெண்டா, புறக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் நெரிசல்ல உங்களுக்குத் தெரியாமலே பர்ஸ் போனா அது தெஃப்ட் (களவு), வெள்ளவத்தை ஒழுங்கைக்குள்ள கத்தியக் காட்டி சங்கிலியப் பறிச்சா அது றொபரி (கொள்ளை), அடியோ பயமுறுத்தலோ இருந்தாத்தான் அந்தச் சொல்லு வரும். நம்மட இலங்கை 1883ம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையும் இப்பிடித்தான் பிரிக்குது, றொபரிக்குத் தண்டனையும் கூட, அதால தயவுசெஞ்சு சொல்லை மாத்திப் போட்டு கேஸை குழப்பாதீங்க.

பேர்க்லரி எண்டா களவெடுக்க வீட்டுக்குள்ளயோ கடைக்குள்ளயோ பூந்தது, ஆக்கள் இருந்தாலும் இல்லாட்டியும் சரி. நம்மட சட்டத்துல அதை ஹவுஸ் பிரேக்கிங் எண்டுதான் எழுதுவாங்க.