பெரும்பாக்கம் பக்கம் ஃபீல்டுக்கு போறீங்களா? நான் பண்ண தப்ப நீங்களும் பண்ணாதீங்க

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு, சிட்டிக்குள்ள குடிசைல இருந்தவங்கள கொண்டுவந்து குடியமர்த்துன பிளாக்குங்க பக்கம் புதுசா சமூக சேவை வேலைக்கு சேர்ற பசங்க என்கிட்ட முதல்ல கேக்குறது "அக்கா, அந்த குடும்பங்ககிட்ட எப்படி பேசணும்?" பேச்செல்லாம் தானா வந்துடும்ப்பா, எப்ப போறீங்கன்றதுதான் விஷயம்.

நான் சேர்ந்த புதுசுல புதன்கிழமை காலைல 11 மணிக்கு அம்மாக்கள் மீட்டிங் வெச்சேன். ஜமக்காளம் விரிச்சு டீ பிஸ்கட்டெல்லாம் ரெடி பண்ணி உக்காந்திருந்தா வந்தது நாலு பாட்டி. "பெற்றோருக்கு ஆர்வம் இல்லை"ன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன், இப்ப நெனச்சாலும் கூச்சமா இருக்கு. இவங்கள்ல நிறைய பேரு சிட்டிக்குள்ள கூவம் கரை, அடையாறு கரைல இருந்தவங்க, கண்ணகி நகருக்கு 2000 வாக்குலயே கொண்டுவர ஆரம்பிச்சாங்க, பெரும்பாக்கத்துக்கு 2015 வெள்ளத்துக்கு அப்புறம் நிறைய பேரு வந்தாங்க. வீடுதான் மாறுச்சு, வேலை மாறல. மயிலாப்பூர், மந்தைவெளில வீட்டு வேலை பாக்குறவங்க இருட்டோட பஸ் ஏறி போய்ட்டு மத்தியானத்துக்கு மேலதான் திரும்புவாங்க, 2021ல லேடீஸுக்கு டவுன் பஸ் ஃப்ரீ ஆனதுல காசு மிச்சம், நேரம் அதேதான். அவங்கள நான் 11 மணிக்கு கூப்ட்டிருக்கேன்! அதுக்கப்புறம் ராத்திரி ஏழரைக்கு பிளாக் படிக்கட்டுலயே உக்கார ஆரம்பிச்சேன், ஜமக்காளமும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஒருத்தி பூண்டு உரிச்சுக்கிட்டே பேசுவா.

அடுத்தது பேப்பர். "நாளைக்கு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க"ன்னு சாதாரணமா சொல்லிடுவோம், அவங்களுக்கு அது ஒரு நாள் கூலி. ஆதார்ல பழைய அட்ரஸ், ரேஷன் கார்டுல வேற, பிள்ளை டிசில இனிஷியல் வேற. என்னென்ன வேணும்னு நீங்க மொதல்ல போய் விசாரிச்சு ஒரே தடவையா சொல்லுங்க. 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா வந்தப்ப, கிடைக்காதவங்க மெசேஜ் வந்த 30 நாளுக்குள்ள இ-சேவைல மேல்முறையீடு பண்ணலாம்னு சொல்லிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு மெசேஜ் போனது புருஷன் ஃபோனுக்கு, அவரு தெறந்தே பாக்கல, நானும் கேக்கல. நாள் போயிடுச்சு.

"ஏன் இவ்ளோ குழு லோன் வாங்குனீங்க?"ன்னு கேக்காதீங்க. வாங்குனது தப்புன்னு அவங்களுக்கும் தெரியும், ஆஸ்பத்திரிக்கோ காதுகுத்துக்கோ வேற யாரு குடுப்பா? அதே நேரம் உங்க பாக்கெட்லேர்ந்து எடுத்து குடுக்க ஆரம்பிச்சுடாதீங்க. நான் ஒருத்திக்கு 2000 குடுத்தேன், திருப்பித் தர முடியாம என்னைப் பாத்தாலே அந்த சைடு படியில இறங்க ஆரம்பிச்சா, காசோட ஆளும் போச்சு.

கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க, ஸ்டேட்டஸ்ல போடவே போடாதீங்க. உங்களால முடியாதத "பாத்துக்கலாம்"னு சொல்லாதீங்க, அத அவங்க வாக்கா எடுத்துக்குவாங்க. புள்ளைய அடிக்கிறாங்க, ஸ்கூல நிறுத்தி கல்யாணம் பேசுறாங்கன்னு தெரிஞ்சா தனியா பஞ்சாயத்து பண்ணப் போகாம குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு ஃபோன் போடுங்க, அங்க மட்டும் நல்ல பேரு எடுக்க பாக்காதீங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்லித் தராதது. டீ குடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க. ஏழாவது மாடி, அன்னைக்கு லிஃப்ட் ஓடல, நான் ஏறி வந்து மூச்சு வாங்குறத பாத்துட்டு ஒரு அக்கா பையன கீழ அனுப்பி பால் பாக்கெட் வாங்கியாரச் சொன்னாங்க. அவங்களுக்கு எதுக்கு செலவுன்னு நெனச்சு "இப்பதான் குடிச்சேன்க்கா"ன்னுட்டேன். அவங்க மொகம் அப்டியே மாறிடுச்சு. "ஏன் மேடம், எங்க வூட்ல குடிக்க மாட்டீங்களா?"ன்னாங்க.

குடிச்சேன், சக்கரை அள்ளிக் கொட்டின டீ, ரெண்டு டம்ளர். இப்ப மேடம் எல்லாம் போயிடுச்சு, மாசம் ஒருக்கா ஃபோன் வரும், சர்டிஃபிகேட்டுக்கும் இல்ல ஃபார்முக்கும் இல்ல, "யம்மா, வஞ்சிரம் கெடச்சிது, மத்தியானம் இந்தாண்ட வருவியா?"