அடைமழைக் காலத்தில் பறவை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் திருநெல்வேலிப் பக்கம் பறவை பார்க்கிறவர்களுக்குப் பெரிய சங்கடமே ஐப்பசியும் கார்த்திகையும்தான். வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வருகிற நேரமும் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரமும் ஒன்றாக வந்து விழும். தகைவிலான் வந்தாச்சு, ஆறுமணிக்குருவி வந்தாச்சு என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். நமக்கோ குளத்தங்கரையெல்லாம் சகதி, ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, பாதி நாள் வீட்டுக்குள்தான்.

அந்த நாட்களில் செய்வதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை. குரல் பழகலாம், குறிப்பேட்டை ஒழுங்கு பண்ணலாம், படங்களைப் பிரிக்கலாம், கருவிகளைப் பராமரிக்கலாம். ஆனால் புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த வேலைகளில் எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தைத்தான் திரும்ப அடிக்கிறார்கள். லென்ஸை விரலால் தொடாதே, வேட்டி நுனியால் துடைக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பைனாகுலரை உறையில் போட்டுப் பீரோவில் பூட்டுவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வைத்துத் தன் பைனாகுலரை நீட்டினான். “அண்ணாச்சி, இதுக்குள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கு, பாருங்க.” திருப்பிப் பிடித்து, பெரிய லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல்கள், கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டுப் படர்ந்திருந்தன. அசல் பூஞ்சை. எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன். “பத்திரமா பீரோவுலதான் அண்ணாச்சி. தோல் உறையில போட்டு, மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி, அம்மா பட்டுச்சேலை பக்கத்துல.” சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த சாமான். ஐப்பசியில் உள்ளே போனது தையில்தான் வெளியே வந்திருக்கிறது.

பத்திரம் என்று நினைத்து அவன் செய்த ஒவ்வொன்றும் பூஞ்சைக்குத்தான் வசதியாகிப்போனது. பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டேதான் இருக்கும். எந்த லென்ஸிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அவை முளைக்க ஈரமும் அசையாத காற்றும் வேண்டும். இருட்டாக இருந்தால் இன்னும் தோது. காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் போய் நாள்கணக்கில் அங்கேயே நின்றால் போதும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தோலே பூஞ்சைக்குத் தீனியும்கூட. பிளாஸ்டிக் கவரோ உள்ளே மாட்டிய ஈரத்தை வெளியே விடாது. இருட்டுக்குப் பீரோ இருக்கிறது.

இதில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. திருநெல்வேலிச் சமவெளி வறண்ட பூமி. வெயில் காலத்திலும் ஆனி ஆடிக் காற்றிலும் அதே பீரோவில் அதே உறைக்குள் பைனாகுலர் ஒன்றும் ஆகாமல் கிடக்கும். அதனால் பூஞ்சை என்கிற நினைப்பே நமக்கு வராது. மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூப்பதைக் கதை கதையாகச் சொல்வார்கள். சமவெளியில் அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் ஆபத்து. சரியாக அந்த மாதங்களில்தான் நாம் கருவியைப் பூட்டி வைக்கிறோம்.

வந்தால் துடைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சை வளரும்போது அமிலம் விடும். அது லென்ஸின் மேல்பூச்சை அரித்து, நாள் ஆனால் கண்ணாடியிலேயே தடம் பதித்துவிடும். பூஞ்சையைக் கொன்றாலும் தடம் போகாது. வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் எல்லாம் பால் கலங்கினாற்போல் வெளிறித் தெரியும்.

அந்தப் பையன் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தான். பாதி விலை கேட்டார்கள், கொடுத்தான். பூஞ்சை போய்விட்டது. ஆனால் கொக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. கழற்றி மாட்டியதில் இரண்டு குழல்களின் நேர்க்கோடு விலகிவிட்டது. அதைத் திரும்பச் சேர்க்கத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். லேசாக விலகியிருந்தால் மூளையே சமாளித்து ஒன்றாகக் காட்டிவிடும்; கால் மணி நேரத்தில் தலைவலி மட்டும் வரும். ஏன் என்றே தெரியாமல் பல பேர் அந்தத் தலைவலியோடு திரிகிறார்கள். யூடியூப் பார்த்து வீட்டிலேயே ஸ்க்ரூ கழற்றுகிற மகராசன்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

“என்னோடது வாட்டர்ப்ரூஃப் அண்ணாச்சி” என்பார்கள். நல்லதுதான். அப்படிப்பட்டவற்றில் பொதுவாக உள்ளே உலர்ந்த நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து, ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். வளையம் கெடாதவரை உள்பக்கம் பூஞ்சை வருவது அபூர்வம். வெளிப்பக்க லென்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு தடவை திறந்துவிட்டால் உள்ளே இருந்த வாயுவும் போச்சு. கேமரா லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அடைப்பும் கிடையாது.

அப்புறம் கை வைத்தியம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம். ஈரம் இழுப்பதும் சொற்பம், மாவுத் தூசி மட்டும் மிச்சம். அந்துருண்டையைப் பக்கத்தில் போடக் கூடாது என்று கேமரா கம்பெனிகளே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். வெயிலில் காயவைத்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகும். லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி இருந்தால் குவிந்த வெயில் எதையாவது பொசுக்கும். ஷூ டப்பாவில் கிடந்த குட்டி சிலிகா ஜெல் பொட்டலம் நம் கைக்கு வரும்போதே பெரும்பாலும் ஈரம் குடித்து முடித்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரப்பர் விளிம்பு வைத்த இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதில் நிறம் மாறும் சிலிகா ஜெல் ஒரு கை. கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பரும் கிரீஸும் காய்ந்துவிடும், அதுவும் நல்லதில்லை. நீல ஜெல் ரோஸ் நிறமானால் 120 டிகிரி வாக்கில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். அதைச் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு, விஷம். உறையையும் தோள்வாரையும் டப்பாவுக்கு வெளியே போடுங்கள்.

இதைவிட எளிய வழியும் உண்டு: எடுத்துப் பாருங்கள். மழை விட்ட அரைமணி நேரத்தில் மொட்டை மாடிக்குப் போனால் கம்பியில் தகைவிலான் உட்கார்ந்திருக்கும், பனைமரத்தைச் சுற்றிப் பனை உழவாரன் பறக்கும். தினமும் காற்றும் வெளிச்சமும் படுகிற லென்ஸில் பூஞ்சை குடியேறுவது கஷ்டம்.

ராத்திரி முழுக்கக் குரல் கேட்பது

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வரிசையாகக் கேட்டால் காலையில் எல்லாம் ஒரே கீச்சாகத்தான் மண்டையில் நிற்கும். வீட்டைச் சுற்றி இப்போது கேட்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செண்பகத்தின் அடித்தொண்டைக் கூவல், புள்ளி ஆந்தையின் சண்டை, விடியலிலும் அந்தியிலும் ஆறுமணிக்குருவியின் விசில். ஒன்றை நிஜமாகக் கேட்ட பிறகு பதிவில் தேடிப் பார்த்தால் மறக்காது.

ஸ்பீக்கரில் குரல் போட்டுப் பறவையை வரவழைப்பது

செய்யாதீர்கள். பல மைல் பறந்து வந்து இரை தேடுகிற ஜீவனை இல்லாத எதிரியோடு சண்டைக்கு இழுக்கிற வேலை அது.

குறிப்பேட்டை ஞாபகத்திலிருந்து நிரப்புவது

மழை நாளில் உட்கார்ந்து பழைய நோட்டைப் பார்த்து, பறவைப் பட்டியல்களைப் பதிகிற இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுவது அருமையான வேலை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், “கண்ட பறவைகள் அனைத்தையும் பதிவு செய்தீர்களா?” என்ற கேள்விக்குக் கூசாமல் ஆமாம் போடுகிறார்கள். பட்டியலைப் பார்த்தால் வரித்தலை வாத்து இருக்கும், கரண்டிவாயன் இருக்கும், காக்காய் இருக்காது, மைனா இருக்காது. இந்தக் கணக்கைப் பின்னால் ஒருவர் எடுத்துப் பார்த்தால் நாங்குநேரித் தாலுகாவில் காக்காயே கிடையாது என்று ஆகிவிடும். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்று போடுங்கள். நேரமும் தூரமும் தெரியாத பழைய பட்டியலுக்கு அதற்கென்று தனி வகை இருக்கிறது. ஊகித்து நிரப்ப வேண்டாம். இன்னொன்று, ஜெல் பேனா மழையில் கரைந்துவிடும். பென்சில் கரையாது.

மங்கிய படங்களை அழிப்பது

அழகாக இல்லையென்று அழிக்கிற படம் சில நேரம் அந்தப் பறவை இங்கே வந்ததற்கு ஒரே சாட்சி. வைத்திருங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தரைத்தளத்தில் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, நம் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் வீடுகளுக்குள் தாமிரபரணி ஏறியது. இன்னொரு நகல் வேறு ஊரில், அக்கா வீட்டிலோ மச்சான் வீட்டிலோ இருக்கட்டும்.

நனைந்த டென்ட்டைச் சுருட்டி வைப்பது

உள்பூச்சு உரியும். அடுத்த மழையில் ஒழுகும்.

வெள்ளம் பார்க்கக் கிளம்புவது

வீட்டில் இருங்கள்.

டயாப்டரைத் தொடாமலே விடுவது

வலது கண் பக்கம் சுழலும் வளையம் எதற்கு என்று தெரியாமல் வருஷக்கணக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. சன்னலில் நின்று தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். வலது லென்ஸைக் கையால் மறைத்து, இடது கண்ணுக்கு எழுத்து பளிச்சென்று தெரியும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடதை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்புங்கள். எழுத்து தெளிந்த இடத்தில் ஒரு சின்னப் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொள்ளலாம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும், அதையொட்டி 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கும் வருகிறவர்கள் இதை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தால், காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் நின்று ஒவ்வொருவருக்காக நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்காது.