பழைய சிஐஎன் ரிப்போர்ட் இருக்கிறது, பீரியட்ஸ் தாறுமாறாகிவிட்டது: என்ன செய்வது?

அரசு மருத்துவமனை மகளிர் ஓபியில், கால்போஸ்கோபி (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) அறையில் நர்ஸாக இருக்கிறேன். கருப்பை வாயில் லீப் சிகிச்சை (சிஐஎன் உள்ள சதையை மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பது) செய்துகொண்டு போன பெண்கள், பின்னால் எப்போதாவது ரத்தப்போக்கு ஒழுங்கு தப்பினால் பதறி ஓடி வருவார்கள். "சிஸ்டர், பழையது திரும்பிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

சிஐஎன் என்பது கருப்பை வாயின் மேல்தோல் செல்களில் வரும் மாற்றம். புற்றுநோய்க்கு முந்தைய நிலை. பெரும்பாலும் அது ரத்தமாகவோ வலியாகவோ வெளியே தெரியாது. அதனால் பீரியட்ஸ் குழம்பியதை வைத்து அது திரும்பிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பீரியட்ஸ் சரியாக வருகிறதே என்று சோதனையை விட்டுவிடவும் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் தேட வேண்டும்.

ரத்தப்போக்கைக் குறித்து வைக்க வீட்டு மாதக் காலண்டரே போதும். தொடங்கிய நாள், நின்ற நாள், தினம் எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போனதா, நடுவில் பட்டதா என்று குறியுங்கள். ஒரு பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 24 முதல் 38 நாள் இருந்தால் இயல்பு. போக்கு 8 நாளைத் தாண்டினால் காட்ட வேண்டும். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் கட்டாயம் சொல்லுங்கள். மாமியாரோ மகனோ பக்கத்தில் இருப்பதால் பலர் இதை விழுங்கிவிடுகிறார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று எங்களிடம் சொன்னால் போதும், கூட வந்தவரை வெளியே உட்கார வைப்போம்.

மணிக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ தலை சுற்றினாலோ அப்போதே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனவருக்குத் துளி பட்டாலும் பரிசோதனை வேண்டும்.

டாக்டர் முதலில் கர்ப்பமா என்று பார்ப்பார். பிறகு ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன். ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி), பாலிப் (சதை வளர்ச்சி), காப்பர் டி, ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். 45 வயதைத் தாண்டியவருக்குக் கருப்பையின் உள்சவ்விலிருந்தும் சதை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

கருப்பை வாய்க்கு வருவோம். டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது, பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். அதில் இரண்டு விஷயம் முக்கியம்: எந்த நிலை சிஐஎன் (1 லேசானது, 3 தீவிரமானது), வெட்டிய சதையின் ஓரத்தில் மாற்றம் மிச்சம் இருந்ததா. ஓரத்தில் இருந்தது என்றால் திரும்பும் வாய்ப்பு கூடுதல். சிஐஎன் 2, 3-க்குச் சிகிச்சை எடுத்தவருக்கு அமெரிக்க வழிகாட்டி சொல்வது இது: 6 மாதத்தில் ஹெச்பிவி (சிஐஎன்னுக்குக் காரணமான வைரஸ்) சோதனை, அப்புறம் மூன்று முறை வருடத்துக்கு ஒன்று, அதன் பிறகும் குறைந்தது 25 வருடம் 3 வருடத்துக்கு ஒருமுறை. "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஹெச்பிவி பாஸிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்றுதான் பொருள். சிஐஎன் இருக்கிறதா என்பதைக் கால்போஸ்கோபியும் பயாப்ஸியும் சொல்லும். சிஐஎன் 1 பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். இன்னொன்று: இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கக்கூடியது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகப்படுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது.

சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, உள்ளே கழுவுவது எதுவும் வேண்டாம். பீரியட்ஸ் இல்லாத நாளில் வருவது நல்லது. ஆனால் ரத்தம் நிற்காமலே போகிறது என்றால், நின்ற பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். டாக்டர் கருப்பை வாயை நேரில் பார்க்கட்டும், ஸ்மியரை (கருப்பை வாயிலிருந்து எடுக்கும் செல் மாதிரி) வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். கிளம்பும்போது அடுத்த சோதனைத் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.