ஹீட் பம்பில் 50 டிகிரி, ரேடியேட்டரில் 43 டிகிரி

மான்செஸ்டரில் எங்கள் வீட்டு ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின் இயந்திரம்), 50 டிகிரியில் தண்ணீர் அனுப்புவதாகத் திரையில் காட்டும். அந்தத் தண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களோ வெதுவெதுப்புதான். குளிர் நாட்களில் அறை 18-ஐத் தாண்டாது. மின்கட்டணம் மட்டும் ஏறியது.

ரேடியேட்டர்களில் காற்றை வெளியேற்றினேன், பலனில்லை. இரவில் வெப்பத்தைக் குறைத்தால் காலையில் மீண்டும் சூடேற்ற இயந்திரம் மல்லுக்கட்டியது. பொருத்தியவர்களைக் கேட்டேன்: "55 ஆக்கிவிடுங்கள்." அதிலும் கட்டணம்தான் கூடியது.

அப்புறம், ஹீட் பம்புக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையில் தண்ணீர் தேங்கும் பஃபர் தொட்டியின் நான்கு குழாய்களிலும் வெப்பமானி கட்டிப் பார்த்தேன். 50-இல் உள்ளே போகும் தண்ணீர், ரேடியேட்டருக்கு 43-இல் வெளியேறியது. ரேடியேட்டர் பக்கத்துப் பம்பின் வேகம் 3-இல் இருந்தது. ஹீட் பம்ப் தருவதைவிட அது அதிகமாக இழுத்ததால், ஆறித் திரும்பிய தண்ணீரே தொட்டிக்குள் கலந்து மறுபடி கிளம்பியது. தொட்டியின் மேல்பகுதி நல்ல சூடாக இருப்பதால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வராது.

வேகத்தை 1 ஆக்கினேன். வித்தியாசம் 1 டிகிரிக்கு இறங்கியது. சரி, இனி வெதர் காம்பன்சேஷன், அதாவது வெளிக் குளிருக்கேற்பத் தண்ணீரின் சூட்டை மாற்றும் அமைப்பு: வெளியே 0 டிகிரி என்றால் 46, 15 டிகிரி என்றால் 30. இடையில் அணைத்துவிடாமலிருக்க, அறைத் தெர்மோஸ்டாட்டை 22-இல் விட்டேன். இரவுக் குறைப்பை நீக்கினேன்.

இப்போது அறை 20-இல் நிற்கிறது. திரையில் செயல்திறன், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம், 2.6-இலிருந்து 3.2. அப்பாடா! குளியல் நீர் சிலிண்டரின் அமைப்பு தனி, அதைத் தொடவில்லை.