ஜவ்வுத் தேய்மானத்தை அளக்கும் டிஎம்எம்பி முறை

முதுகெலும்பு ஜவ்வின் நடுவிலுள்ள ஜெல்லியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்னும் புரதம். தேய்மானத்தில் அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5 போன்ற நொதிகள் அதை வெட்டித் தள்ளுகின்றன. அக்ரிகனில் இருக்கும் சல்பேட் சர்க்கரைச் சங்கிலிகளை, அதாவது ஜிஏஜியை (கிளைகோசமினோகிளைகன்), டிஎம்எம்பி என்ற நீலச் சாயத்தால் அளந்தால் இழப்பு எண்ணாகக் கிடைக்கும்.

அறுவை சிகிச்சையில் எடுத்த திசு வந்ததும் (நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் எழுத்துச் சம்மதமும் முன்பே வேண்டும்) குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஒரே ஒரு முக்கு முக்கி ரத்தத்தைக் கழுவுங்கள். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தேய்ந்த ஜவ்வில் அக்ரிகன் ஏற்கெனவே துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஊறவிட்டால் திசு உப்பி, துண்டுகள் கழுவுநீரோடு போய்விடும். போனது நோயாலா, கழுவியதாலா என்று பிறகு பிரித்தறிய வழியே இல்லை.

திசுவை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, அழற்சி, வலி தொடர்பான புரதங்களான ஐஎல்-1 பீட்டா, டிஎன்எஃப், என்ஜிஎஃப் ஆகியவற்றை அளக்க -80 டிகிரியில் சேமியுங்கள். பப்பாயினில் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) போட்ட திசுவில் இந்தப் புரதங்கள் மிஞ்சாது. மறுபாதியை உறைநிலையில் உலர்த்தி எடை பாருங்கள். ஜிஏஜி அளவை ஈர எடையால் வகுக்காதீர்கள்: தேய்ந்த ஜவ்வில் தண்ணீரே குறைவு.

10 மி.கி. உலர் திசுவுக்கு 1 மி.லி. கரைசல்: 125 மைக்ரோகிராம் பப்பாயின், 100 மில்லிமோலார் பாஸ்பேட், சிஸ்டீனும் ஈடிடிஏவும் தலா 5 மில்லிமோலார், பிஎச் 6.5. சிஸ்டீனை அன்றன்று கலக்குங்கள். 60 டிகிரியில் இரவு முழுக்க இருக்கட்டும்.

சாயத்துக்கு 16 மி.கி. டிஎம்எம்பி, 3.04 கிராம் கிளைசின், 2.37 கிராம் சோடியம் குளோரைடு, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 95 மி.லி.; தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள், பிஎச் 3.0. வடிகட்டி வெளிச்சம் படாமல் வையுங்கள்.

மாதிரியை 50 முதல் 100 மடங்கு நீர்த்து, 20 மைக்ரோலிட்டருக்கு 200 மைக்ரோலிட்டர் சாயம் விட்டு, உடனே 525 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். தாமதித்தால் சாயக்கூட்டு அடியில் படிந்து எண் சரியும். ஒப்பீட்டுக்கு காண்ட்ராய்டின் சல்பேட், மி.லி.க்கு 0 முதல் 50 மைக்ரோகிராம் வரை. அதையும் அதே பப்பாயின் கரைசலில், அதே மடங்கு நீர்த்தே தயாரியுங்கள். டிஎன்ஏவும் சாயத்தைப் பிடிக்கும் என்பதால், செல் நிறைந்த மாதிரிக்கு பிஎச் 1.5 சாயம் நல்லது.

மிச்சமுள்ள பப்பாயின் கரைசலில், கொலாஜன் அளவைக் காட்டும் அமினோ அமிலமான ஹைட்ராக்சிப்ரோலினையும் அளந்துவிடுங்கள். இளம் வயதினரின் நல்ல ஜெல்லியில் ஜிஏஜிக்கும் அதற்கும் விகிதம் ஏறத்தாழ 27:1, ஜவ்வை ஒட்டிய எலும்புத் தகட்டுக் குருத்தெலும்பில் 2:1. விகிதம் மிகத் தாழ்ந்தால், தேய்மானம் என்று எழுதுமுன் குருத்தெலும்புச் சில்லு கலந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள்.

ஜிஏஜி குறைந்த எல்லாருக்கும் இடுப்பு வலிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் எம்ஆர்ஐ படத்தில் ஜவ்வுத் தேய்மானத்தைக் குறிக்கும் ஃபிர்மான் தரத்தையும் (1 முதல் 5), வலி மதிப்பெண்ணையும் தனித்தனிப் பத்தியில் குறியுங்கள்.